நான்கு இரண்டுகளின் எடை

புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை மணி ஆறு பத்து. முந்தின நாள் அந்தியில் பெய்து ஓய்ந்த மழை சாலைப் பள்ளங்களில் இன்னும் தேங்கி நின்றது, வானம் வெளுக்கவும் மனமில்லாமல் கறுக்கவும் மனமில்லாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது, வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில், அந்த வானத்துக்குக் கீழே, வாகன மதிப்பீட்டாளர் அம்சவேணி தன் ஸ்கூட்டரை ஈச்சங்காட்டுப்புதூரில் காலஞ்சென்ற லாரி முதலாளி காளியண்ணனின் வீட்டு வாசலில் நிறுத்தி, கைப்பையிலிருந்து பென்சிலையும் வெள்ளைத்தாளையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு, போர்ட்டிகோவில் நின்றிருந்த வெள்ளைக் காண்டசா காரை நோக்கி நடந்தாள்.

ஓர் எண்ணை எழுதுவதற்கு முன்னால் அதைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் வழக்கம். சேஸிஸில் பொறித்திருக்கும் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பாள். டயரின் பள்ளத்தில் நாணயத்தை நுழைத்துப் பார்ப்பாள். அளந்ததை எழுதுவாள், அளக்காததை எழுத மாட்டாள். அன்றும் அப்படியே டேப்பைப் பிடித்து அளந்தாள். பின் பம்பர் தரையிலிருந்து பதினான்கு அங்குல உயரத்தில் இருந்தது. முன் பம்பர் நான்கு அங்குலத்தில் இருந்தது. டயரில் காற்று சரியாக இருந்தது, வில்லுப்பட்டை முறியவில்லை, பானெட்டுக்குள் எவரும் கருங்கல் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனாலும் கார், பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிறுத்தப்பட்டதைப் போலத் தலையைக் குனிந்து நின்றது. முன்பக்கத்து நம்பர் பிளேட்டின் இரண்டு திருகாணிகளும் இழுபட்டுக் கோணியிருந்தன. அம்சவேணி அதன் கீழ் விளிம்பில் விரலைக் கொடுத்து நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. அவள் நோட்டைத் திறந்து, "நம்பர் பிளேட்: கனமாக இருக்கிறது" என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தாள்.

அந்த நம்பர் சாதாரண நம்பர் அல்ல. இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு. ஒரு மைல் தூரத்தில் வரும்போதே இது யார் வண்டி என்று சொல்லிவிடலாம். கல்யாண மண்டப வாசலில் நின்றால் மாப்பிள்ளை ஊர்வலம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். அதே சமயம் நான்கையும் கூட்டினால் எட்டு வரும், எட்டு சனீஸ்வரனுக்குரியது என்பதால், புதூரில் பாதிப் பேர் அந்த நம்பருக்காகச் சொத்தை எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள், மீதிப் பேர் சொத்தை எழுதிக் கொடுத்தாலும் அதை வாங்கத் தயாராக இல்லை. இப்படிப்பட்ட ஒன்றுக்கு என்ன விலை என்று சொல்லத்தான் அம்சவேணியை வரவழைத்திருந்தார்கள்.

"பிரச்சினை ஒண்ணுமில்லைங்க," என்றார் மூத்த மகன் குழந்தைவேலு. பெயருக்கு மாறாக அவர் ஐம்பத்தைந்து வயதும் நூற்றுப்பத்துக் கிலோவுமாக இருந்தார். "லாரியைப் பிரிச்சாச்சு, தோட்டத்தைப் பிரிச்சாச்சு. மிச்சம் இந்த வீடும் இந்த நம்பரும். ஒருத்தன் வீட்டை எடுத்துக்கறது, ஒருத்தன் நம்பரை எடுத்துக்கறது. வித்தியாசம் எவ்வளவோ அதை லாரியாக் குடுத்துச் சரிக்கட்டிக்கறது. வீட்டுக்கு வெலை போட்டாச்சுங்க. நம்பருக்கு நீங்க போடோணும்."

"நம்பர் தனியாப் போகாதுங்க. வண்டியோட சேர்ந்துதான் பேர் மாறும்," என்றாள் அம்சவேணி. "வண்டிக்கு என்ன குடுப்பாங்களோ அதுல பழைய இரும்பு வெலையைக் கழிச்சா, மிச்சம் நிக்கறது நம்பரோட வெலை."

"அப்படியே போடுங்க. ஆனா ஒண்ணு, நாலும் ஒரே நம்பர். இந்த வீட்டு வெலைக்குக் கொறையாது."

"அண்ணன் வீட்டை எடுத்துக்கலாம்னு இருக்கறாருங்க, அதனாலதான் நம்பர் வெலை ஏறுது," என்றார் இளையவர் நல்லதம்பி, கோழித்தீவன வியாபாரி. "கூட்டிப் பாருங்க. எட்டு. சும்மா குடுத்தாலும் எவன் வாங்குவான்?"

"வீடு கையில வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் அம்சவேணி, அது அவள் படிவத்தில் இல்லாத கேள்வி.

"இடிச்சுப்போட்டு லாரி நிறுத்துவனுங்க."

"நானா இருந்தா இடிச்சுப்போட்டுத் தீவன குடோன் கட்டுவேன்."

இடிப்பதில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் அபிப்பிராய பேதமே இல்லை.

அந்த வீட்டில் ஒருவர் குடியிருந்தார். குழந்தைவேலுவுக்கு இளையவளாகவும் நல்லதம்பிக்கு மூத்தவளாகவும் நடுவில் பிறந்த தெய்வானை. பெண்ணுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டால் பங்கு கேட்கக்கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் பேச்சு. தெய்வானைக்குக் கல்யாணம் கூடிவரவில்லை என்பதால் சீரும் செய்யவில்லை, சீர் செய்யாவிட்டால் பங்குண்டே என்பது யாருடைய நினைவுக்கும் வரவில்லை. அவள் ஒன்பது வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் காரின் கியர் வேறு எவருக்கும் மசியாததால், ஐம்பது வயதிலும் அண்ணனையும் தம்பியையும் விசேஷ வீடுகளுக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள்.

"அக்காவைப் பத்திக் கவலையில்லைங்க," என்றார் நல்லதம்பி. "ஆறு மாசம் அண்ணன் வீட்டுல, ஆறு மாசம் எங்க வீட்டுல. மாத்தி மாத்தி இருந்துக்கும்."

தெய்வானை காப்பித் தட்டோடு வந்து நின்றாள். "ஆறிப்போகுதுங்க, எடுத்துக்குங்க," என்றாள்.

மதிப்பீட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பிளேட்டைக் கழற்றச் சொன்னார்கள். முதல் திருகாணி வெளியே வந்ததும் இரண்டாவது தானாகத் தெறித்தது. பிளேட் தரையில் விழுந்து, மொசைக்கை உடைத்து, ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது. மார்க்கெட்டிலிருந்து சுமைதூக்கும் தோழர்கள் எட்டுப் பேர் வந்து, தலைப்பாகையை இறுக்கி, மூன்று தடவை மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசியிருக்கிறோம், நம்பருக்குக் கூலி பேசச் சங்கத்தில் கூட்டம் போட வேண்டும் என்று சொல்லி, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். காரின் பின்பக்கத்துப் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தகரம் தகரமாக இருந்தது.

புதூர் லாரிகளின் ஊர். பாரம் என்பது அங்கே எவருக்கும் அதிசயமல்ல. பாரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்த ஊரில் நாக்கால் சொன்னதை யாரும் நம்புவதில்லை, முத்திரைத்தாளில் எழுதியதைப் பாதி நம்புவார்கள், லாரிகளை எடைபோடும் சிவமலை என்பவரின் எடைமேடையில் அச்சாகி வரும் சீட்டை முழுக்க நம்புவார்கள். பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன எடையைச் சரிபார்க்கத் தாயும் தகப்பனுமாக அந்த மேடையில் ஏறி இறங்கியவர்கள் உண்டு. மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் குழந்தை ஒரு தடவை பூஜ்யமாகவும் ஒரு தடவை பத்துக் கிலோவாகவும் இருந்தது, இரண்டு சீட்டையும் அவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆகவே நம்பருக்கு எடை வந்துவிட்டது என்ற செய்தி பரவியபோது ஊர் திகைக்கவில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றுதான் கேட்டது.

சனிக்கிழமை, புரட்டாசிச் சனி என்பதால் ஒருவர் வந்து பிளேட்டுக்கு நாமம் போட்டார். எட்டு சனிக்குரியது என்பதால் இன்னொருவர் பக்கத்தில் எள் தீபம் ஏற்றினார். எண்கணித நிபுணர் ஜெகதீசன் குழிக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து, எட்டாம் எண்ணுக்கு இயல்பாகவே கனம் அதிகம் என்றும், தான் இதைப் பல வருஷமாகச் சொல்லி வருவதாகவும், ஏழாம் எண்காரர்கள் குழியின் வடக்குப் பக்கம் நிற்கவேண்டாம் என்றும் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை, சொந்த வண்டியின் நம்பருக்கும் எடை வந்திருக்குமோ என்று ஊரில் பாதிப் பேர் திருப்புளியோடு வாசலில் குந்தியிருந்தார்கள். எடை வராதவர்கள் தங்கள் நம்பர் மட்டம் என்று மனம் வெதும்பினார்கள். ஒருவர் தன் நம்பருக்கு எடை வந்ததாகச் சொல்லி, அவர் மனைவி அதை ஒரு கையால் எடுத்து ஆணியில் மாட்டியதும் வாயை மூடிக்கொண்டார். ஞாயிறு மதியம், விபத்தில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கும் கிரேனைக் கொண்டுவந்தார்கள். சங்கிலி அறுந்தது. கிரேன்காரர் பிளேட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாடகையில் பாதியைத் தள்ளிக்கொடுத்தார்.

அண்ணனும் தம்பியும் இதற்குள் மனம் மாறியிருந்தார்கள். இத்தனை கனமுள்ள நம்பரை விட்டுக்கொடுப்பதா என்று குழந்தைவேலுவுக்குத் தோன்றிவிட்டது. இத்தனை கனமுள்ளதைக் காரில் மாட்டி எங்கே ஓட்டுவது, வீடே மேல் என்று நல்லதம்பிக்குத் தோன்றிவிட்டது. ஆகவே குழந்தைவேலு, "கூட்டிப் பாருங்க. எட்டு. சும்மா குடுத்தாலும் எவன் வாங்குவான்?" என்றும், நல்லதம்பி, "நாலும் ஒரே நம்பர். இந்த வீட்டு வெலைக்குக் கொறையாது" என்றும், வெள்ளிக்கிழமை மற்றவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எடுத்துச் சொன்னார்கள். மறுநாள் மறுபடி மாற்றிக்கொண்டார்கள். அம்சவேணி இருவர் சொன்னதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு வேலை ஓடவில்லை. காரின் பழைய இரும்பு விலை அவளுக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் ஒன்று, ஆயிரத்தொன்று, ஒன்பதாயிரத்தொன்பது போன்ற நம்பர்களோடு கைமாறிய பதினோரு வண்டிகளின் விலையை அவள் விசாரித்து வைத்திருந்தாள்; எட்டு வரும் நம்பருக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டாள். கணக்கு ஒரு மாதிரி கூடிவந்தது. ஆனால் அந்தத் தொகையைக் கூட்டி எழுதினால் அண்ணன் வீட்டை இடிப்பார், குறைத்து எழுதினால் தம்பி இடிப்பார். எந்த எண்ணை எழுதினாலும் அதன் கடைசிப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு பெண்மணி பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை காலை அம்சவேணி குழியின் ஆழத்தை அளக்க வந்தாள். போர்ட்டிகோவில் தெய்வானை தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தூண் வரைக்கும் பெருக்கினாள்; காருக்கு அடியில் பெருக்கினாள்; குழிக்கு அருகில் வந்ததும் குனிந்து, இடது கையால் பிளேட்டை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் குழிக்குள் கிடந்த பூவையும் எள்ளையும் கூட்டித் தள்ளி, பிளேட்டை முந்தானையால் ஒரு துடை துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அப்பால் போனாள். எதிரில் நாற்காலியில் ஜெகதீசன் உட்கார்ந்திருந்தார். தூணருகே நல்லதம்பி செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெருக்குகிற ஒருவர் என்ன தூக்குகிறார் என்று அந்த வீட்டில் எவரும் என்றைக்கும் கவனித்ததில்லை.

அம்சவேணி குழியருகே மண்டியிட்டுப் பிளேட்டை நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. எழுந்து துடைப்பத்தின் பின்னாலேயே போனாள்.

"ஏனுங்க, அது உங்களுக்குக் கனமா இல்லீங்களா?"

"எதுங்க?"

"நம்பர் பிளேட்டு."

தெய்வானை யோசித்தாள். "தெரியலைங்களே. தெனமும் எடுத்து வெச்சுத்தானுங்க கூட்டறேன். சனிக்கிழமையிலிருந்து ஒரே எள்ளு. எறும்பு வருதுங்க."

"இந்த நம்பரை அப்பா எப்படி வாங்கினாருங்க?"

"அவரு எங்க வாங்கினாரு." தெய்வானை துடைப்பத்தைத் தட்டிக் குச்சிகளைச் சமன்படுத்தினாள். "இருபத்தொம்பது வருசமாச்சு. அப்பா லோடுக்குப் போயிட்டாரு, அண்ணனுக்குக் காய்ச்சல், தம்பிக்குப் பரீச்சை. நாந்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயி வரிசையில நின்னேன். வெடியக்காலையிலிருந்து மழைங்க. உள்ள போனா மூணு நம்பரைச் சொல்லி, எது வேணும்மான்னு கேட்டாங்க. இது எட்டு, யோசிச்சுக்கன்னு அந்த ஆபீசரே சொன்னாரு. நான் இதைத்தான் சொன்னேன்."

"ஏனுங்க?"

"எனக்குப் புடிச்சிருந்துச்சு. நாலும் ஒண்ணு போல இருந்துச்சு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஒசத்தியில்ல." அவள் சிரித்தாள். "எங்க வீட்டுல நான் அப்படி எதையும் பாத்ததில்லைங்களே. அதும் போக, எது வேணும்னு என்கிட்ட யாரும் கேட்டதுமில்லைங்க. அன்னிக்குத்தான்."

செவ்வாய்க்கிழமை சந்தை. தெய்வானை காலை பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். பத்தே காலுக்குப் பிளேட் லேசாகிவிட்டது. மளிகைக்கடைத் தராசில் வைத்தபோது முந்நூற்றிருபது கிராம் காட்டியது. ஜெகதீசன் அசராமல், செவ்வாயன்று எட்டாம் எண் விரதமிருக்கும் என்றார். நல்ல நேரத்தை விடக்கூடாதென்று மெக்கானிக் அதைக் காரில் பழையபடி பூட்டினார். ஒரு மணிக்குத் தெய்வானை தக்காளிப் பையோடு தெருமுனையில் திரும்பும்போது, கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைக் குனிந்தது. அம்சவேணி இரண்டு நேரத்தையும் நிமிஷத்தோடு குறித்துக்கொண்டாள்.

ஆனாலும் வண்டி ஓடியது. தெய்வானை ஓட்டினால் அது முன்பு போலவே ஓடியது. புதன்கிழமை அண்ணனையும் தம்பியையும் ஒரு காதுகுத்துக்கு அழைத்துப் போனபோது, புறவழிச்சாலையில் வண்டிகளின் பாரத்தைச் சோதித்துக்கொண்டிருந்த ஆய்வாளர் ஒருவர் குனிந்து வந்த காரைக் கைகாட்டி நிறுத்தி, டிக்கியைத் திறந்து பார்த்து, வெற்றிலைத் தட்டைத் தவிர ஒன்றுமில்லை என்று கண்டு, சுற்றிவந்து முன்பக்கத்தைப் பார்த்து, அதிகப் பாரத்துக்கு அபராதச் சீட்டு எழுதி, ஏற்றிய சரக்கு என்ற கட்டத்தில் 'நம்பர்' என்று நிரப்பிக் கொடுத்தார். குழந்தைவேலு அதைப் பெருமையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பாத்துக்க," என்றார் தம்பியிடம். "நான் உக்காந்ததும் எப்படி அமுங்குச்சு. அப்பனோட நம்பர் என்னைத்தான் மதிக்குது."

"நீ உக்காந்தா எந்த வண்டிதான் அமுங்காது? என் பக்கந்தான் சாஞ்சுச்சு."

அன்று மாலை அம்சவேணி இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். யாருக்காக இந்த எடை என்று தெரியாமல் தன்னால் விலை எழுத முடியாது. வியாழக்கிழமை சிவமலையின் மேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்துவிடலாம். எவருக்காக எடை கூடுகிறதோ அவருக்கே நம்பரும் வீடும் சேரும், மற்றவர்கள் தங்கள் பங்குக்கு வந்த லாரியோடு அமைதிப்பட வேண்டும் என்று அவள் எழுதிய தாளை இருவரும் ஆவலோடு இழுத்தார்கள்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்றாள் அவள். "எவருக்காகன்னு எழுதியிருக்கறேன்."

"அதுல படிக்கறதுக்கு என்னுங்க இருக்குது?" என்றார் குழந்தைவேலு. "எங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரு இருக்கறா?"

தெய்வானை காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எடைமேடையைச் சுற்றி ஊரே நின்றது. தெய்வானை காரை மேடையில் ஏற்றி, என்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு எழுத்தில் எண் ஓடி நின்றது: ஒன்பதாயிரத்து எண்ணூற்றெழுபது. கூட்டம் ஆமோதித்தது. அந்தக் காருக்கு நியாயமான எடை ஆயிரத்திருநூறுக்குள்தான்.

குழந்தைவேலு செருப்பைக் கழற்றிவிட்டு, வடக்கே பார்த்துக் கும்பிட்டு, மேடையில் ஏறினார். எண் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுக்குப் போயிற்று.

"ஏறிடுச்சு!" என்று கத்தினார் அவர். "பாத்தியாடா? நூத்திப்பத்து ஏறிடுச்சு!"

"அது உங்க எடைங்க," என்றார் சிவமலை கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து.

நல்லதம்பி ஏறினார். எழுபது கூடியது. அவருக்கும் அதே பதில் சொல்லப்பட்டது. அண்ணன் இறங்கித் தம்பி நின்றார், தம்பி இறங்கி அண்ணன் நின்றார், ஒருவர் அப்பாவின் புகைப்படத்தைக் கட்டிக்கொண்டு நின்றார், மற்றவர் அப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். அவரவர் உடம்பும் துண்டும் போக மேடை யாருக்கும் ஒரு பத்துக் கிலோகூடச் சலுகை காட்டவில்லை. கூட்டத்தில், "ரெண்டு பேரும் சமங்க, வீட்டைக் குறுக்கால இடிச்சுப்போடுங்க" என்று ஒருவர் யோசனை சொன்னார். இருவரும் அதை யோசிக்கத் தொடங்கிவிட்டதை அம்சவேணி பார்த்தாள்.

"சிவமலையண்ணா," என்றாள். "டிரைவரை எறக்கிட்டு ஒரு எடை போடுங்க."

கூட்டம் சிவமலையின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. புதூரில் எடை போடும்போது டிரைவர் இறங்குவதில்லை. இறங்கினால் டீ குடிக்கப் போய்விடுவார், பின்னால் வரிசை பைபாஸ் வரைக்கும் நீளும் என்பதால் என்றோ ஏற்பட்ட வழக்கம் அது; நாளடைவில் டிரைவர் வண்டியின் ஒரு பாகம் என்றே ஆகிவிட்டது. காலி எடை என்று லாரிகளின் கதவில் எழுதியிருக்கும் எண்ணுக்குள்கூட ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மிணி சொல்றீங்க? நாப்பது வருசத்துல டிரைவரை எறக்கி எடை போட்டதில்லைங்க."

"உங்க சீட்டுலயே அச்சடிச்சிருக்குதுங்களே. 'ஓட்டுநருடன்', பக்கத்துல 'ஓட்டுநர் இன்றி'."

சிவமலை தன் சீட்டுக்கட்டை எடுத்துக் கண்ணுக்கருகில் வைத்துப் படித்தார். அச்சடித்திருந்தது. அவர் மெல்ல, "எறங்குங்கக்கா," என்றார்.

தெய்வானை இறங்கினாள். எண் ஒன்பதாயிரத்து எண்ணூற்றுப் பத்து ஆயிற்று. "அறுவது கெலோ. அது அக்காவோட எடை," என்றார் நல்லதம்பி நிம்மதியாக.

"எதுத்தாப்புல டீக்கடையில போயி உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டு வாங்க," என்றாள் அம்சவேணி.

தெய்வானை காலைப் பார்த்து வைத்து, மழைச்சேற்றைத் தாண்டி நடந்தாள். அவள் முதல் பத்தடி வைத்தபோது எண் எட்டாயிரத்துக்கு இறங்கியது. சாலையோரத்தில் ஒரு லாரிக்காக அவள் நின்றபோது அதுவும் ஆறாயிரத்து நானூறில் நின்றது. அவள் சாலையைக் கடக்கக் கடக்க அது ஐயாயிரமாகி, மூவாயிரமாகி, கார் தன் தலையை அங்குலம் அங்குலமாக நிமிர்த்த, அவள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, ஆயிரத்து நூற்றுத்தொண்ணூறில் வந்து அசையாமல் நின்றுவிட்டது. நூறு பேர் அந்த எண்ணைப் பார்த்தார்கள், பிறகு சாலைக்கு அப்பால் டீக்கிளாஸை ஊதிக்கொண்டிருந்த பெண்மணியைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி எண்ணைப் பார்த்தார்கள். டீயை முடித்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். எண் அவளோடு கூடவே நடந்து ஒன்பதாயிரத்து எண்ணூற்றுப் பத்துக்கு வந்தது.

"அதெப்படிங்க," என்றார் குழந்தைவேலு. "டிரைவர் எப்படிக் கணக்குல வரும்?"

சிவமலை அதற்குள் அச்சடித்துவிட்டார். இரண்டு சீட்டு. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றில் 'ஓட்டுநருடன்' என்பதை அடித்துக் கையெழுத்திட்டிருந்தார். "சீட்டு வந்துருச்சுங்கண்ணா," என்றார். அந்த ஊரில் அதற்குமேல் பேச்சில்லை.

அம்சவேணி காரின் பானெட்டின்மேல் வைத்தே சான்றிதழை எழுதினாள். எண் பலகை, உலோகமாக: நாற்பத்தெட்டு ரூபாய். எண் பலகை, ஓட்டுநருடன்: பிரித்து மதிப்பிட இயலாது. அண்ணனும் தம்பியும் நூறு பேர் பார்க்க வீட்டையும் வண்டியையும் எழுதிக்கொடுத்தார்கள். தெய்வானை கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெகதீசன் தன் போர்டில் எட்டு என்ற இடத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தார், பெண்களுக்கு உகந்தது என்று. மெக்கானிக் சிமெண்டும் பூச்சுக் கரண்டியுமாக வந்து, குழியை மூடவா என்று முதல் தடவையாகத் தெய்வானையிடம் கேட்டார். இருக்கட்டும், துளசி வைக்கலாம் என்று அவள் சொல்லக் கேட்டுத் திரும்பினார். சுமைதூக்குவோர் சங்கத்தில் நம்பருக்கான கூலி நிர்ணயிக்கப்பட்டு, அன்றே தேவையற்றதாகி, பதிவேட்டில் மட்டும் நின்றது. அம்சவேணி இரண்டு எடைச்சீட்டுகளையும் நோட்டில் ஒட்டிவிட்டு, கோப்பை முடித்ததாகக் குறித்து, மற்றொரு வீட்டு வாசலில் மற்றொரு காரின் முன்னால் டேப்பைப் பிரித்தாள். அளப்பதற்கு முன் அந்த வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டாள்.

குழந்தைவேலுவும் நல்லதம்பியும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருந்ததால், சலவைச் சட்டையோடு அக்காவும் தங்கையுமான ஒருத்தியின் வாசலில், வழக்கம்போல, அன்று காலை ஆறு பத்துக்கு வந்து நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தெய்வானை காரைப் பின்னால் எடுத்து, கேட்டைத் தாண்டி, அவர்களுக்கு அருகில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏழு பத்துக்கு பஸ் இருக்குதுங்கண்ணா," என்றாள். "தம்பி, கொடையைப் புடிச்சுக்க."

எடைமேடையில் சிவமலை புதிய கட்டணப் பலகைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்: டிரைவருடன் அறுபது ரூபாய், டிரைவர் இல்லாமல் நூற்றிருபது. கார் மேடைமேல் ஏறியதும் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் ஆயிரத்து இருநூற்றைம்பது என்று நின்றது. பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். மாறவில்லை.

"அக்கா, வண்டியும் நீங்களும்தானுங்க காட்டுது. நம்பரோட எடை எங்க போச்சுங்க?"

"அது வாசல்லயேதான் நிக்குதுங்க," என்றாள் தெய்வானை.

"எங்கீங்கக்கா கெளம்பிட்டீங்க, யாரையும் ஏத்தாம?"

அவள் வைப்பரைப் போட்டாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். சாலை இருபுறமும் ஒன்று போல ஈரமாகக் கிடந்தது.

"தெரியலைங்க. போயிப் பாத்துட்டு வர்றேன்," என்று சொல்லி, கியரை மாற்றி, மேடையிலிருந்து இறங்கிப் போனாள்.